பதினேழாம் நம்பர் வீட்டில் பதியாத ஒருவன்

வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கமாக இறங்கும் எங்கள் ஒழுங்கையில் பதினொரு மாடிக் கட்டடங்கள் வந்துவிட்டன. நடுவில் மிஞ்சியிருப்பது ஒரேயொரு ஓட்டு வீடு, இலக்கம் பதினேழு. அதில் இருப்பவர் கனகேஸ்வரி அக்கா. எழுபத்தொரு வயது, கல்யாணம் ஆகாதவர், தனி ஆள். வருகிற மாதம் அந்த வீட்டையும் இடிக்கப் போகிறார்கள்.

நான் எதிர்க் கட்டடத்தின் மூன்றாம் மாடியில் இருக்கிறேன். ஆனால் 1996இலிருந்து மூன்று வருடம் அந்த வீட்டின் பின்னறையில் வாடகைக்கு இருந்தவன். கணக்கியல் படிக்க யாழ்ப்பாணத்திலிருந்து வந்திருந்தேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். அக்காவுக்கு என்னைவிட நீளம். அதனால்தான் எங்களுக்குள் ஒத்துப்போனது என்று நினைக்கிறேன்.

வீட்டைக் கட்டியவர் ஒரு பறங்கியர். ரயிலில் கார்ட் வேலை பார்த்தவர். வேலைக்குப் போகாத நாளிலும் விறாந்தையில் இருந்து கடற்கரை ரயில்களுக்கு நேரம் பார்த்துத் திட்டுவாராம். அவர் ஆஸ்திரேலியாவுக்குப் போகும்போது அக்காவின் அப்பா நவரத்தினத்துக்கு வீட்டை விற்றார். அது 1961. நவரத்தினம் தந்திக் கந்தோரில் கிளார்க். பஞ்சாங்கம் பார்க்காமல் தும்மவும் மாட்டார். வீட்டுக்குக் குடிபோக நல்ல நாள் கிடைக்கவில்லை என்று நாற்பது நாள் திறப்பைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு பம்பலப்பிட்டியில் வாடகை அறையில் இருந்தவர் அவர்.

எண்பத்து மூன்று கலவரத்தில் முன்னறையைக் கொளுத்தினார்கள். குடும்பம் அகதி முகாமில் இருந்து, கப்பலேறி யாழ்ப்பாணம் போய், ஒன்றரை வருடத்தில் திரும்பி வந்தது. முன் யன்னலின் மேற்சட்டம் இன்றைக்கும் கறுப்புத்தான். பெயின்ற் அடிக்க வந்தவர்கள் எத்தனையோ பேர். அந்தச் சட்டத்தைத் தொட அக்கா ஒருவரையும் விடவில்லை. பிறகு தம்பிமார் இருவரும் வெளிக்கிட்டார்கள். ஒருவர் ரொறன்ரோ, மற்றவர் ஒஸ்லோ. தாயும் தகப்பனும் அடுத்தடுத்துச் செத்துப்போனார்கள். ஐந்து அறையும் அக்காவும் மிச்சம்.

அக்காவுக்குச் சாதகத்தில் செவ்வாய். கோட்டையில் அவர் வேலை செய்த கப்பல் கொம்பனியில் ஒருவர் பெண் கேட்டு வந்தார். நவரத்தினம் சாதகத்தைப் பார்த்துவிட்டு ஒரு கோப்பை தேத்தண்ணீர் கொடுத்து அனுப்பிவிட்டார். "நல்ல மனுசன். தேத்தண்ணியை முழுக்கக் குடிச்சிட்டுத்தான் போனவர்" என்று அக்கா ஒருதரம் சொன்னார். வேறு யாராவது என்றால் அன்றைக்கே அந்தப் பஞ்சாங்கத்தை அடுப்பில் வைத்திருப்பார்கள். அக்கா தகப்பன் செத்த பிறகும் வருடா வருடம் புதிதாக வாங்கினார். குசினிக் கதவுக்குப் பக்கத்தில் நாட்காட்டி தொங்கும். கரிநாள்களுக்குச் சிவப்புப் பேனையால் வட்டம். வெள்ளிக்கிழமை பத்தரையிலிருந்து பன்னிரண்டு வரை ராகுகாலம் என்று பாண் வாங்கக்கூட வெளியே இறங்கமாட்டார். நாங்கள் பசியோடு இருப்போம்.

தொண்ணூற்றி இரண்டிலிருந்து அறைகளை வாடகைக்குக் கொடுத்தார். வடக்கிலிருந்து யார் கொழும்புக்கு வந்தாலும் வந்தவுடன் பொலிசில் பதிய வேண்டிய காலம் அது. பெயர், அடையாள அட்டை இலக்கம், சொந்த ஊர், வந்த காரணம், வந்தவரின் கையெழுத்து, கீழே வீட்டுக்காரரின் கையெழுத்து. படிவத்தைக் கொண்டுபோனால் சீல் குத்திப் பிரதியைத் தருவார்கள். அந்தப் பிரதி இல்லாமல் வீதியில் பிடிபட்டால் அதோகதிதான். அக்கா ஒவ்வொருவரையும் தானே கூட்டிப்போவார். என்னைக் கூட்டிப்போன அன்று, மேசைக்கு முன்னால் நின்று, "மாத்தயா, மே ளமயா இகெனகன்ன ஆவே" என்று, படிக்க வந்த பிள்ளை என்பதைச் சிங்களத்தில் அவ்வளவு மரியாதையாகச் சொன்னார். வெளியே வந்ததும் என்னைப் பார்த்து, "முகத்தை உப்பிடி வச்சுக்கொண்டு நிண்டா அவங்கள் சந்தேகப்படாமல் என்ன செய்வாங்கள்?" என்று ஏசினார்.

சீல் குத்திய பிரதிகளை அக்கா எறியவில்லை. ஒரு கோவையில் வரிசையாகக் கட்டி வைத்திருந்தார். அந்த வீட்டின் சரித்திரத்தை யாரும் எழுதவில்லை. அந்தக் கோவையில்தான் அது கிடக்கிறது. டென்மார்க் மாப்பிள்ளையைப் படத்தில் மட்டும் பார்த்துவிட்டு விசாவுக்காக ஏழு மாதம் இருந்த யோகமலர், குதி உயர்ந்த சப்பாத்தைப் போட்டு நடக்கப் பழகியது எங்கள் நடையில்தான். கண் ஒப்பரேஷனுக்கு வந்த ஒரு மாஸ்டர், கண் தெரிய ஆரம்பித்ததும் முதல் வேலையாகச் சுவர் மூலை ஒட்டடையைக் காட்டி அக்காவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார். கொட்டாஞ்சேனைக்காரி செலீன், வீட்டோடு கோபித்துக்கொண்டு வந்து இரண்டு வருடம் இருந்தாள். வடக்கு இல்லையென்பதால் அவளைப் பதிய வேண்டியதில்லை. ஆனாலும் அக்கா அவளுக்கும் ஒரு படிவம் நிரப்பிக் கோவையில் வைத்தார். செவ்வாய்க்கிழமைகளில் செலீன் கொச்சிக்கடைக் கோயிலுக்குப் போய், வரும்போது அக்காவுக்கும் ஒரு மெழுகுதிரி கொளுத்தியதாகச் சொல்வாள். அக்கா வேண்டாம் என்று சொன்னதில்லை.

எல்லோரும் போனார்கள். போகும்போது யாரும் 'போறன்' என்று சொல்லக்கூடாது என்பது அக்காவின் சட்டம். "போட்டு வாறன்" என்றுதான் கேற்றடியில் சொல்ல வேண்டும். இருநூற்றுக்கு மேற்பட்டவர்கள் அப்படிச் சொல்லிவிட்டுப் போனார்கள். திரும்பி வந்து எட்டிப் பார்த்தவர்களை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம். நானும் எதிரில் குடிவந்ததால்தான் கணக்கில் சேர்ந்தேன்.

2008இல் ஒருநாள் அக்கா வாடகைக்கு விடுவதை நிறுத்தினார். ஏன் என்று சொல்லவில்லை. ஊரிலிருந்து யாராவது அறை கேட்டால் நான் அவரிடம்தான் அனுப்புவேன். "இல்லை" என்று கதவைச் சாத்திவிடுவார். என் சித்தியின் மகள் பிள்ளைப்பேற்றுக்கு வந்து இடமில்லாமல் நின்றபோதும் இல்லை என்றார். எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. "அஞ்சு அறையையும் பூட்டி வச்சுக்கொண்டு என்னத்தை அடைகாக்கிறியள்?" என்று கேட்டுவிட்டேன். இரண்டு வருடம் கதைக்கவில்லை. பிறகு அவருக்கு டெங்கு வந்தபோது கஞ்சி கொண்டுபோய்க் கொடுத்தேன், வாங்கிக் குடித்தார், அவ்வளவுதான் சமாதானம். யுத்தம் முடிந்தது, பதிவும் முடிந்தது, பஞ்சாங்கம் மட்டும் தொங்கியது. மாலையில் என் பல்கனியிலிருந்து பார்த்தால் அந்த வீட்டில் ஒரு லைற்தான் எரியும். மற்ற அறைகளின் யன்னல்கள் கடல் உப்பில் துருப்பிடித்துத் திறக்கவே முடியாமல் போய்விட்டன.

போன மாதம், சாமான்களை ஒதுக்க உதவிக்கு வரச் சொன்னார். தெஹிவளையில் ஒரு சின்ன அனெக்ஸ் பார்த்திருக்கிறது. கட்டடம் முடிந்ததும் இதே இடத்தில் ஐந்தாம் மாடியில் ஒரு வீடு கொடுப்பார்களாம். நான் அலுமாரியை ஒதுக்கிக்கொண்டிருந்தபோது ஒரு கடிதத்தைக் கொண்டுவந்து நீட்டினார்.

"கண் தெளிவில்லை. வாசி."

கண் தெளிவில்லை என்பது பொய். உறை ஏற்கெனவே கிழித்திருந்தது, மடிப்பு நைந்திருந்தது.

யாழ்ப்பாணத்திலிருந்து துஷ்யந்தி என்ற பெண் எழுதியிருந்தாள். மூன்றாவது கடிதமாம். தன் அண்ணன் குகதீபன், இருபத்திரண்டு வயது, 2008 தை மாதம் கப்பலில் திருகோணமலைக்குப் போய், அங்கிருந்து பஸ்ஸில் கொழும்பு போக வெளிக்கிட்டவன். பதினேழாம் இலக்க வீட்டில் தங்குவதாக ஏற்பாடு. திருகோணமலையில் இறங்கியதற்குப் பதிவு இருக்கிறது. கொழும்புக்கு வந்ததற்கு எந்தப் பதிவும் இல்லை. காணாமல்போனவர்களின் கோவைகளைப் பார்க்கும் இடத்தில், ஆள் கொழும்புக்கு வந்தான் என்பதற்கு ஏதாவது ஒரு ஆதாரம் கேட்கிறார்கள். இல்லாவிட்டால் விசாரணை திருகோணமலையோடு நின்றுவிடும். வீட்டை இடிக்கப் போவதாகக் கேள்விப்பட்டாளாம். 'அன்ரி, உங்கள் வீட்டில் அந்தக் காலம் இருந்த யாரையாவது தெரிந்தால் சொல்லுங்கள். அண்ணாவைக் கண்ட ஒரு ஆள் போதும்.'

"ஆள் வரேல்லைத்தானே? அப்பிடியே ரெண்டு வரி எழுதி அனுப்புவம்" என்றேன்.

அக்கா எழும்பினார். மாமரப் பெட்டகத்தைத் திறந்து அந்தக் கோவையை எடுத்தார். கடைசித் தாளைப் புரட்டி என் முன்னால் வைத்தார். குகதீபன். அடையாள அட்டை இலக்கம். வந்த காரணம்: வெளிநாடு செல்ல. அவனுடைய கையெழுத்து, சாய்வாக, அழகாக. கீழே வீட்டுக்காரரின் இடம் வெறுமையாக இருந்தது. சீல் இல்லை.

"வந்தவன்" என்றார் அக்கா.

பிறகு கதிரையில் இருந்து, நிலத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னார். வியாழக்கிழமை பின்னேரம் வந்தவன். தாய் தந்துவிட்டதாக ஒரு பனையோலைக் குட்டானில் பனங்கட்டி கொண்டுவந்து கொடுத்தவன். தேத்தண்ணீர் குடித்துவிட்டுப் படிவம் நிரப்பிக் கையெழுத்து வைத்தவன். அடுத்த நாள் வெள்ளி, தை பதினொன்று. கரிநாள்.

"முந்தி ஒரு பெடியனைக் கரிநாளிலை பதியக் கூட்டிக்கொண்டு போய், அவனை அங்கயே வச்சிட்டாங்கள். நாலு நாள் உள்ளுக்கை. அதுக்குப் பிறகு நான் கரிநாளிலை ஒருத்தரையும் கூட்டிக்கொண்டு போறேல்லை. சனிக்கிழமை விடிய போவம், அதுமட்டும் கேற்றுக்கு வெளியிலை கால் வையாதை எண்டு சொன்னனான். தலையாட்டினவன்."

"பிறகு?"

"காலமை புட்டு அவிச்சனான். அம்மாவுக்கு வந்து சேந்திட்டன் எண்டு சொல்லோணும், கொம்யூனிகேஷனுக்குப் போய் ஒரு கோல் எடுத்திட்டு வந்து சாப்பிடுறன் எண்டான். அஞ்சு நிமிசம் அன்ரி எண்டான். அந்தச் சிரிப்பிலை நானும் விட்டிட்டன்." கோவையைத் தன் பக்கம் இழுத்தார். "வரேல்லை."

கொம்யூனிகேஷன் கடை எங்கள் ஒழுங்கை முடிவில் இருந்தது. நூற்றைம்பது அடி இருக்காது.

அவனை யார் மறித்தார்கள், எங்கே கொண்டுபோனார்கள் என்று அக்காவுக்குத் தெரியாது. பொலிசில் போய்க் கேட்க முடியாது. பதியாத ஆளை வீட்டில் வைத்திருந்தது குற்றம். அப்போது வீட்டில் வேறு நாலு பிள்ளைகள் இருந்தார்கள். அவர்களையும் கொண்டுபோய்விடுவார்கள் என்று பயம். இரண்டு மாதம் கழித்துத் தகப்பன் வந்தார். கேற்றடியில் நின்று மகனின் படத்தைக் காட்டினார்.

"அப்பிடி ஒருத்தரும் இஞ்ச வரேல்லை எண்டு சொன்னனான். அந்த மனுசன் மன்னிச்சுக்கொள்ளுங்கோ எண்டு என்னைக் கும்பிட்டிட்டுப் போச்சுது. அந்தக் குட்டான் அப்ப குசினிக்கை கிடக்குது."

எனக்குக் கோபம் வந்தது. அவர்மேல் வந்ததா, அந்தக் காலத்தின்மேல் வந்ததா என்று பிரித்துச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. பதினாறு வருடம் ஐந்து அறைகளைப் பூட்டி வைத்துக்கொண்டு இந்தத் தாளோடு இருந்திருக்கிறார். நான் அடைகாக்கிறீர்களா என்று கேட்டிருக்கிறேன். கோபம் போன பிறகு எனக்கு வந்தது பயம்தான். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், நான் சொன்ன புத்திமதி இது: "விடுங்கோ அக்கா. இனிக் கிளறி என்ன? உங்களை வந்து விசாரிப்பினம். பொய் சொன்னது எண்டு எழுதுவினம். வீடும் போகுது, தாளைக் கிழிச்சுப் போட்டிட்டு நிம்மதியா இருங்கோ."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"நிம்மதியோ? உனக்கு மூளை பிசகிப் போச்சு. அந்தப் பிள்ளைக்குப் போன் எடு."

துஷ்யந்தி வெள்ளிக்கிழமை காலை யாழ்ப்பாண பஸ்ஸில் வந்து இறங்கினாள். மெலிந்த, நேரான பெண். பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறாள். பின்னேரம் இரண்டு மணிக்குக் காணாமல்போனவர்களின் அலுவலகத்தில் அவளுக்குச் சந்திப்பு. நான்தான் பஸ் நிற்பாட்டும் இடத்திலிருந்து கூட்டிவந்தேன். அண்ணன் கோல் எடுக்கக் கடைக்குப் போனதை மட்டும் போனில் சொல்லியிருந்தேன். ஒழுங்கையில் நடக்கும்போது, "அந்தக் கடை எது?" என்று கேட்டாள். இப்போது அதில் போன் கவர் விற்கிறார்கள். கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு வந்தாள்.

அக்கா மேசையில் எல்லாவற்றையும் எடுத்து வைத்திருந்தார். படிவம். அவனுடைய பை, அதற்குள் இரண்டு சேர்ட், ஒரு சாரம், ஒரு பற்தூரிகை. பனையோலைக் குட்டான், வெறுமையாக.

"பனங்கட்டியை நான் தொடேல்லை. எறும்பு திண்டிட்டுது" என்றார் அக்கா, முதல் வார்த்தையாக.

பிறகு எனக்குச் சொன்னதையெல்லாம் அவளுக்கும் சொன்னார். ஒன்றையும் மறைக்கவில்லை, ஒன்றையும் மெழுகவில்லை. துஷ்யந்தி சேர்ட்டை மடியில் வைத்துக்கொண்டு கேட்டாள்.

"எங்கடை வீட்டிலை அப்ப போன் இல்லை" என்றாள் கடைசியில். "சந்திக் கடைக்குத்தான் எடுப்பன் எண்டவன். அம்மா அண்டைக்குக் காலமை முழுக்க அந்தக் கடை வாங்கிலை இருந்தவ."

அக்கா தலையைக் குனிந்தார்.

"அப்பா உங்களை நம்பினவர் அன்ரி. கொழும்பு அன்ரி ஒரு நாளும் பொய் சொல்லா, பொம்பிளைப் பிள்ளையளை வச்சிருந்த வீடு எண்டு சொல்லுவார். கொழும்புக்கு வரேல்லை எண்டபடியா அவர் திருகோணமலையிலை அறை எடுத்து இருந்து தேடினவர். எட்டு வருசம். அங்கதான் செத்தவர்."

நான் யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். கறுப்புச் சட்டம் கண்ணில் பட்டது. அக்கா மன்னிப்புக் கேட்பார் என்று எதிர்பார்த்தேன், கேட்கவில்லை. அதற்குக்கூடத் தனக்கு உரிமையில்லை என்று நினைத்தாரோ என்னவோ. துஷ்யந்தி ஏசவில்லை, அழவும் இல்லை. சேர்ட்டை மேசையில் வைத்துவிட்டுப் படிவத்தை எடுத்துப் பார்த்தாள்.

"இதிலை உங்கடை கையெழுத்து இல்லை. வெறும் தாள் எண்டு சொல்லிப்போடுவினம்."

"பேனை தா" என்றார் அக்கா என்னிடம்.

நான் பழக்கதோஷத்தில் சுவர் மணிக்கூட்டைப் பார்த்தேன். பதினொன்று பத்து. வெள்ளிக்கிழமை. அக்காவுக்கும் தெரியும்; அது அவருக்கு மூச்சு விடுவது மாதிரி. நாட்காட்டி அவருடைய முதுகுக்குப் பின்னால் தொங்கிக்கொண்டிருந்தது. அவர் திரும்பவில்லை. கனகேஸ்வரி நவரத்தினம் என்று முழுப் பெயரையும் எழுதினார். கடைசி எழுத்து கோட்டைத் தாண்டிப் போனது.

"அண்டையான் திகதியைப் போடட்டோ?" என்று நான் கேட்டேன்.

"இண்டையான் திகதிதான். அண்டைக்கு நான் வைக்கேல்லை."

துஷ்யந்தி போகும்போது கேற்றடியில் நின்றாள். 'போட்டு வாறன்' என்று சொல்லவில்லை. "அம்மாவுக்குச் சொல்லோணும். அவ உங்களோடை கதைக்கோணும் எண்டு நிப்பா. கதைப்பீங்களோ?" என்று கேட்டாள். அக்கா ஓம் என்று தலையாட்டினார்.

வீட்டுப் போன் இணைப்பை அந்தக் கிழமையே வெட்டியிருந்தார்கள். என் போனை மேசையில் வைத்துவிட்டு இருவரும் இருந்தோம். அக்கா மத்தியானம் சாப்பிடவில்லை, எழும்பவில்லை, என்னோடு சண்டைக்கும் வரவில்லை. இடையில் மூன்று ரயில் போனது. நாலரைக்கு மணி அடித்தது. அவருக்குக் காது மந்தம் என்பதால் ஸ்பீக்கரில் போட்டேன்.

அந்தப் பக்கம் குகதீபனின் தாய். வயது போன குரல். நான் நினைத்த எதையும் அந்தத் தாய் கேட்கவில்லை. ஏன் பொய் சொன்னாய் என்று கேட்கவில்லை. புருஷனைப் பற்றியும் கேட்கவில்லை.

"பிள்ளை, அவன் உங்கடை வீட்டிலை இருந்து போகேக்கை சாப்பிட்டிட்டே போனவன்?"

ஓம் என்று சொல்லுங்கோ அக்கா, என்று எனக்குள் கத்தினேன். ஒரு ஓம் தானே. யாருக்கு என்ன நட்டம்? கையை நீட்டி அவருடைய தோளைக்கூடத் தொட்டேன்.

அக்கா போனுக்குக் கிட்ட முகத்தைக் கொண்டுபோனார்.

"இல்லை அம்மா" என்றார். "வந்து சாப்பிடுறன் எண்டவன். நான் புட்டை மூடி வச்சுக்கொண்டு பாத்துக்கொண்டிருந்தனான்."